'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா': பார்க்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-இல் எடுத்த இந்தப் படத்தை என் நண்பர்கள் சிலர் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். "குழி வெட்டிக்கிட்டே இருக்காங்க, சண்டை எப்ப வரும்?" என்று கேட்டார்கள். அந்தக் குழிதான் சண்டையே. இரண்டாம் உலகப் போரில், 1945-இல் அமெரிக்கப் படையை எதிர்த்து இவோ ஜிமா தீவைக் காத்த ஜப்பானியத் தளபதி குரிபயாஷி, எதிரியைக் கடற்கரையிலேயே மறிக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். கந்தகம் நாறும் எரிமலை மண்ணுக்குள் சுமார் 18 கி.மீ. சுரங்கம் வெட்ட வைத்தார். கூட்டமாக ஓடிப்போய்ச் சாகும் 'பன்சாய்' தாக்குதலும் கூடாது என்றார். அதனால்தான் போர் 36 நாள் நீடித்தது. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு காட்சி கிடைக்கும்: ரொட்டிக் கடைக்காரராக இருந்து சிப்பாயான சைகோ, மலச்சட்டியைக் கொட்ட வெளியே வருவார். நிமிர்ந்து பார்த்தால் கடல் தெரியாத அளவுக்குக் கப்பல்கள்!

எல்லாரும் நிஜ மனிதர்கள் என்று நம்பிவிடாதீர்கள். சைகோ கற்பனை. குரிபயாஷி நிஜம். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்ற ராணுவ அதிகாரி நிஷியும் நிஜம். சாகப்போகிற தீவில் இருந்துகொண்டு, வீட்டுச் சமையலறைத் தரையைச் சரிசெய்யாமல் வந்துவிட்டேனே என்று குரிபயாஷி கவலைப்படுவதைக் கதைக்காகச் சேர்த்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வீட்டுக்கு அவர் எழுதிய உண்மையான கடிதங்களிலேயே அந்தக் கவலை இருக்கிறது.

அப்புறம், இந்த வீரர்களுக்காக அழுதுவிட்டு, ஜப்பானிய ராணுவம் செய்ததை மறந்துவிடுவது. அது பெரிய தவறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள் நம் தமிழர்கள். அந்த வலி நமக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனாலும் குகைக்குள் பசியோடு கிடக்கிற ஒரு சிப்பாயின் பயம் பொய்யில்லை. தீவில் இருந்த ஏறக்குறைய 21,000 பேரில், போரின்போது உயிரோடு பிடிபட்டவர்கள் வெறும் 216 பேர். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

கடைசியாக, தயவுசெய்து டப்பிங்கில் பார்க்காதீர்கள். வசனம் பெரும்பாலும் ஜப்பானிய மொழி, சப்டைட்டில் போதும். ஏன் என்றால், இறந்துபோன ஓர் அமெரிக்கச் சிப்பாயின் சட்டையில் அவன் அம்மா எழுதிய கடிதம் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த நிஷி அதைத் தன் ஆட்களுக்கு ஜப்பானிய மொழியில் படித்துக் காட்டுவார். நாய் வேலிக்கு அடியில் குழி தோண்டியது, அது இது என்று சாதாரண வீட்டுச் சேதி. எல்லாரும் ஒரே மொழி பேசினால் அவர் மொழிபெயர்ப்பதே தெரியாமல் போகும். அமெரிக்கர்களைக் கோழைகள் என்று நம்பியிருந்த இளைஞன் ஷிமிசு பிறகு சைகோவிடம் சொல்வான்: அந்த அம்மா எழுதியதும் என் அம்மா எழுதியதும் ஒன்றுதான் என்று.