கீழ்த்தளக் கழிப்பறையில் வாஷ் பேசின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாடி வீட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலர் கீழே உள்ள சின்னக் கழிப்பறையில் ஒரு வாஷ் பேசின் வைக்க ஆசைப்படுகிறார்கள். மாடி ஏற முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது அவசியமும்கூட. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கடைக்குப் போய் பேசின் வாங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். தண்ணீரைக் கொண்டுவருவது சுலபம். டாய்லெட் தொட்டிக்கு வரும் 15 மி.மீ. பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டால் போதும். அழுக்குத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பேசினின் இடத்தையும் அளவையும் பார்க்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால், சுவரில் ஒரு துளை போட்டு வெளியே இருக்கும் கல்லியில் (சாக்கடையில் சேரும் தரைமட்டத் தொட்டி வாய்) விட்டுவிடலாம். தரை கான்கிரீட்டை உடைக்கும் செலவு மிச்சம்.

பக்கத்தில் கல்லி இல்லை என்று மழைநீர்க் குழாயில் சேர்த்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. டர்பனில் மழைநீர் வடிகால் வேறு, சாக்கடை வேறு. மழைநீர் வடிகாலில் விடுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விட்ட சோப்புத் தண்ணீர் உம்லதுசானா ஆறு வழியாகத் துறைமுகத்துக்கே போய்ச் சேரலாம். நகராட்சி விதிப்படியும் அது குற்றம். கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் தவறுதான். கனமழையில் சாக்கடை நிரம்பி, தாழ்வான வீடுகளின் கழிப்பறைக்குள்ளேயே பொங்கி வரும்.

பைப்புக்கு வாட்டம் (சரிவு) மீட்டருக்கு 25 மி.மீ. அளவில் இருக்கட்டும். மட்டமாகப் போட்டால் சோப்பும் தலைமுடியும் தங்கிவிடும். சுருங்கி விரியும் பிளாஸ்டிக் ஹோஸை நிரந்தரமாகப் போடாதீர்கள், அதன் மடிப்புகளில் அழுக்கு சேரும்.

அப்புறம் நாற்றம். பேசினுக்கு அடியில் இருக்கும் டிராப்பில் (வளைந்த குழாயில்) நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. காற்றோட்டமில்லாத டாய்லெட் பைப்பிலேயே பேசினையும் சேர்த்தால், ஒவ்வொரு முறை ஃப்ளஷ் செய்யும்போதும் அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடலாம். பேசின் களகளவென்று சத்தம் போடுகிறதா? அதுதான் காரணமாக இருக்கும். பைப்புக்குள் காற்று வர வென்ட் பைப்போ காற்று வால்வோ வைத்தால் சரியாகிவிடும்.

பேசினுக்கென்று தனியாக, தண்ணீரை அடைக்கும் ஒரு ஆங்கிள் வால்வ் வேண்டும். டர்பனில் தண்ணீர் அடிக்கடி நிற்கிறது. நின்ற நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்தால், தண்ணீர் திரும்ப வரும்போது தரை முழுக்க வெள்ளம்தான். வெளியே கிளம்பும்போது வால்வை அடைத்துவிட்டுப் போகலாம்.

அறை சின்னதென்றால் கதவு திறக்கும் வட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். உட்காருபவரின் முழங்காலுக்கும் இடம் இருக்க வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும் முன் பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். டிராப்பைச் சுற்றி மரப்பெட்டி அடிப்பதாக இருந்தால் கழற்றக்கூடிய பலகையாக வையுங்கள். பதிவு பெற்ற பிளம்பர் செய்தால் வேலைக்கான சி.ஓ.சி. சான்றிதழை (வேலை விதிப்படி செய்யப்பட்டது என்பதற்கான சான்று) கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.