கெக்ச்சி மலைக்கிராமத்தில் தன்னார்வ ஆசிரியராக ஒரு பள்ளியாண்டு: செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

குவாத்தமாலாவின் ஆல்ட்டா வெராபாஸ் மாநிலம் மழையும் மூடுபனியும் சுண்ணாம்புப் பாறை மலைகளும் நிறைந்த நாடு. கோபான் நகரிலிருந்து கிழக்கே போகப் போக, ஊர்களில் ஸ்பானிஷ் குறைந்து, மாயன் மொழிகளில் ஒன்றான கெக்ச்சி மட்டுமே காதில் விழத் தொடங்கும். கார்ச்சா நகருக்கு மேலே உள்ள ஒரு சிற்றூரில் நான் ஒரு பள்ளியாண்டு முழுவதும் தன்னார்வ ஆசிரியராக இருந்தேன். அப்படிப்பட்ட ஊருக்குச் செல்ல விரும்புவோருக்கு உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் உறுதியாக இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் பள்ளியில் ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார்; அவர் அந்த மக்களின் மொழியைப் பேசுபவர், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே இருப்பவர். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் அவருக்கு இன்னும் இரண்டு கைகள் தேவை. அந்த இரண்டு கைகளாக இருக்கத்தான் நீங்கள் செல்கிறீர்கள். ஆசிரியர் இல்லாத குறையை நிரப்ப உங்களை அழைத்தால், சம்பளத்துக்கு ஒரு உள்ளூர் ஆசிரியரை ஏன் அமர்த்தவில்லை என்று கேட்டுத் தெளிந்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

எப்போது செல்வது

அங்கே பள்ளியாண்டு சனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. அதற்குப் பின் வரும் விடுமுறை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பிள்ளைகளும் பெற்றோருடன் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே நவம்பரில் நாட்டுக்குள் வந்து, ஆன்டிகுவாவிலோ கெட்சால்தெனாங்கோவிலோ ஆறு வாரமாவது ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்னதாகக் கிராமத்துக்குப் போய்ச் சேர்வது சரியான வரிசை. அந்த இரு நகரங்களிலும் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் கற்பிக்கும் மொழிப்பள்ளிகள் பல உண்டு. ஒரு குடும்பத்துடன் தங்கிக்கொண்டே படிக்கலாம்.

விசாவைப் பொறுத்தவரை, குவாத்தமாலா, எல் சால்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நான்கு நாடுகளும் ஒரே எல்லை உடன்பாட்டில் இருப்பதால், அவற்றில் நீங்கள் தங்கும் நாள்கள் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட 90 நாள் முடிந்ததும் பக்கத்து ஹோண்டுராசுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. பள்ளியாண்டு முழுதும் இருக்க நினைப்பவர்கள் புறப்படும் முன்பே தூதரகத்தில் இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

ஊருக்குள் நுழையும் முறை

பள்ளித் தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு கிராமத்திலும் கோகோதே என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊர் வளர்ச்சி மன்றம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. முதல் வாரத்திலேயே அதன் கூட்டத்துக்குப் போய், நீங்கள் யார், எத்தனை மாதம் இருப்பீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள், பள்ளியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். ஆசிரியர் அதைக் கெக்ச்சியில் மொழிபெயர்ப்பார். கேள்விகள் நீளும், மாலை இருட்டிவிடும், பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. குழந்தைகளை வெளிநாட்டவர் கடத்திச் செல்கிறார்கள் என்ற அச்சம் அந்த மலைநாட்டில் ஆழமாக வேரூன்றியது. 1994-இல் இதே மாநிலத்தின் சான் கிறிஸ்தோபால் வெராபாஸ் ஊரில் அப்படிப்பட்ட ஒரு வதந்தி பரவி, வெளிநாட்டுப் பெண் ஒருவரைக் கூட்டம் உயிர் போகும் அளவுக்கு அடித்தது. குவாத்தமாலாக் குழந்தைகள் பெருமளவில் வெளிநாடுகளுக்குத் தத்து கொடுக்கப்பட்டு, அதில் பணம் புழங்கி, பிறகு சட்டம் வந்து அது நிறுத்தப்பட்ட வரலாறும் அந்த அச்சத்தின் பின்னால் இருக்கிறது. எனவே பெற்றோரின் அனுமதி இல்லாமல் எந்தக் குழந்தையையும் படம் எடுக்காதீர்கள்; வழியில் மிட்டாய் கொடுக்காதீர்கள்; தனியாக ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு நடக்காதீர்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று மனம் துடிக்கும். தாயே உங்கள் கையில் கொடுக்கும் நாள் வரும்வரை காத்திருங்கள்.

உள்நாட்டுப் போரைப் பற்றியும் நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். 1978-இல் பான்சோஸ் ஊரில் நிலத்துக்காகக் கூடிய கெக்ச்சி உழவர்களை ராணுவம் சுட்டுக்கொன்றது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கிராமங்கள் எரிந்தன. 1996-இல் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அது நேற்று நடந்தது. அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழி

ஸ்பானிஷ் உங்களை ஆசிரியரிடமும் கடைக்காரரிடமும் கொண்டு சேர்க்கும். பிள்ளைகளிடமும் அவர்களுடைய பாட்டிகளிடமும் கொண்டு சேர்ப்பது கெக்ச்சிதான். அங்கே நலம் விசாரிப்பவர் "மா ஸா ஸா லா ச்சோல்?" என்று கேட்பார், உன் நெஞ்சுக்குள் நன்றாக இருக்கிறதா என்பது அதன் நேர்ப்பொருள். "ஸா" என்று பதில் சொல்ல வேண்டும். நன்றிக்கு "பான்த்தியோஷ்". வயதில் மூத்த ஆண்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் "கவா" என்றும், பெண்களைக் "கனா" என்றும் மரியாதையுடன் அழைப்பார்கள். எங்கள் தந்தை, எங்கள் தாய் என்பவை அவற்றின் மூலப்பொருள். வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்றழைத்துப் பழகிய நமக்கு இது முதல் நாளே நாவில் வந்துவிடும். தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிக்க விடும் மெய்யொலிகள்தான் கடினம். அவற்றைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சொல்லைத் திணறித் திணறிச் சொல்வதை அவர்கள் பார்ப்பது, ஸ்பானிஷில் திணறும் அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

முதல் வாரத்தில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதையை ஸ்பானிஷில் படித்துக் காட்டினேன். நான் சொன்ன ஒவ்வொரு வரியையும் அவர்கள் தெளிவான குரலில் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கதை முடிந்ததும், "ஆற்றைக் கடந்தது எந்த விலங்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியையும் அவர்கள் அதே தெளிவுடன் ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு சொல்லும் அவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை. தாய்மொழியில் எழுத்தறிந்து, பிறகு ஸ்பானிஷுக்குப் போவது என்ற இருமொழிக் கல்வி அந்நாட்டின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கும் உரிமை நமக்கில்லை. மறுநாளிலிருந்து ஆசிரியர் கதையைக் கெக்ச்சியில் சொல்வதும், பிள்ளைகள் படம் வரைவதும், அதன் பிறகு நான் பத்தே பத்து ஸ்பானிஷ் சொற்களை விளையாட்டாகப் பழக்குவதும் என்று மாற்றிக்கொண்டோம்.

ஒரு நாளின் போக்கு

விடியும் முன்பே மாவரைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்கும். முதல் நாள் மாலையே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் தோல் போகக் கழுவி, பேசினில் சுமந்து கொண்டுபோய் அரைத்து வருவார்கள். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அது சேர்வதால்தான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து உடலுக்குக் கிடைக்கிறது; சோளத்தை மட்டுமே நம்பியிருந்த வேறு நாட்டு ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியபோது இந்த மக்கள் தப்பியதற்கு அதுவே காரணம். சூடான சோள அப்பத்துக்குக் கெக்ச்சியில் "வா" என்று பெயர். உண்பது என்ற வினைக்கும் அதுவே வேர். அப்பமும் கறுப்பு அவரையும் முட்டையும் அன்றாட உணவு. நம் சௌசௌவின் தாயகம் இந்தப் பகுதிதான். அதை அங்கே விஸ்கில் என்பார்கள், கொடியின் கிழங்கையும் விடாமல் சமைப்பார்கள். மணத்தக்காளி இனத்துக் கீரையும் மக்குய் என்ற பெயரில் குழம்பில் வரும். புலால் உண்ணாதவர் பட்டினி கிடக்க நேராது. உண்டு முடித்ததும் அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே "பான்த்தியோஷ்" சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

தண்ணீரைப் பற்றி வெளியூரார் பெரும்பாலும் தவறாக எண்ணுகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி சிப்பி-சிப்பி என்று அவர்கள் அழைக்கும் தூறல் பெய்துகொண்டே இருக்கும். துணி உலராது, புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் சுண்ணாம்புப் பாறை மழைநீரை அப்படியே உறிஞ்சிக் கீழே விட்டுவிடுவதால், பல ஊர்களில் கிணறும் இல்லை, ஓடையும் இல்லை. தகரக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த நீர்தான் எல்லாவற்றுக்கும். மார்ச்சிலிருந்து மழை வலுக்கும்வரை அந்தத் தொட்டியின் மட்டம் வீட்டாரின் கவலை. ஒரு வாளியில் குளித்து முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள், அல்லது அந்நாட்டிலேயே உருவான மண்வடிகட்டி ஒன்றை வாங்கி, போகும்போது அந்த வீட்டுக்கே விட்டுவிடுங்கள். புத்தகம், தாள், மருந்து மூன்றையும் இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பள்ளிக்குப் போக முடியாது.

பள்ளி ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். பிள்ளைகள் ஆண் ஆசிரியரைப் "புரோஃபே" என்றும் பெண் ஆசிரியரைச் "செஞ்ஞோ" என்றும் அழைப்பார்கள். இடைவேளையில் ரெஃபாக்சியோன் எனப்படும் சிற்றுணவு உண்டு. 2017-இல் வந்த பள்ளி உணவுச் சட்டப்படி அரசு தரும் பணத்தில் பெற்றோர் அமைப்பு பொருள் வாங்க, தாய்மார்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். அந்தச் சமையலறையில் போய்ச் சற்று நேரம் விறகு எடுத்துக் கொடுங்கள். எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டைவிட அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலும் அதற்குக் காரணம் ஏலக்காய். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் வழியாகக் கோபான் பகுதிக்குப் போய், இன்று குவாத்தமாலாவை உலக ஏற்றுமதியில் முன்னணியில் நிறுத்தியிருக்கிறது. பறித்த பச்சைக்காயை இடைத்தரகர்களிடம் எடைக்கு விற்கும் குடும்பங்கள் தம் சமையலில் அதைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அறுவடை பள்ளியாண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும். அப்போது வராத பிள்ளையைக் கண்டிப்பதில் பயனில்லை. மாலையில் வீட்டுக்குப் போய், விட்டுப்போன பாடத்தைக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு நாள் நான்கு காய்களைத் தட்டிப் போட்டுத் தேநீர் வைத்துக் கொடுத்தேன். வீட்டுப் பாட்டி ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பையை முகர்ந்து பார்த்து, இதைத்தானா இத்தனை ஆண்டு முதுகில் சுமந்தோம் என்று மெதுவாகக் கேட்டார்.

கணிதத்தில் கைகொடுப்பது

தன்னார்வ ஆசிரியர் உண்மையாகப் பயன்படக்கூடிய இடம் எதுவென்று கேட்டால், கணிதம் என்பேன். மாயன் எண்முறை அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அது இருபதை அடியாகக் கொண்டது: புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி வடிவம் சுழியம். சோளமணியைப் புள்ளியாகவும் குச்சியைக் கோடாகவும் வைத்துக்கொண்டால் செலவே இல்லாமல் பாடம் நடக்கும். 37 என்ற எண்ணை அமைக்கக் கீழ்த்தட்டில் மூன்று குச்சி, இரண்டு மணி. மேல்தட்டில் ஒரே ஒரு மணி, அதன் மதிப்பு இருபது. கீழ்த்தட்டில் மேலும் மூன்று மணிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து மணிகள் ஆனதும் அவற்றை எடுத்துவிட்டு ஒரு குச்சி வைப்பார்கள். நான்கு குச்சிகள் ஆனதும் எல்லாவற்றையும் வாரிவிட்டு மேல்தட்டில் இன்னொரு மணியை வைப்பார்கள். கீழே எதுவும் இல்லை. அங்கே சிப்பி வரும். நாற்பது. மேலெடுத்துச் செல்வது என்றால் என்ன என்று மாதக்கணக்கில் புரியாமல் இருந்த ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி, அந்தச் சிப்பியை வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகே கரும்பலகையில் பத்தை அடியாகக் கொண்ட கூட்டலுக்குப் போனோம்.

ஆண்டுத் திட்டம் போடும்போது, மே 10 அன்னையர் நாளையும் சூன் 25 ஆசிரியர் நாளையும் ஒட்டிய வாரங்களில் பாடம் குறையும் என்பதையும், செப்டம்பர் 15 விடுதலை நாளுக்கு முன் இரண்டு வாரம் முரசுப் பயிற்சியும் தீப்பந்த ஓட்டமும்தான் பள்ளி என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அவற்றோடு போட்டியிடாமல் நீங்களும் ஓடுங்கள்.

புறப்படும்போது

கடைசி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் நடத்திய ஒவ்வொரு விளையாட்டையும் ஆசிரியர் தாமே ஒருமுறை நடத்த, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். எது அவருக்குப் பிடிக்கவில்லையோ அதை விட்டுவிடுங்கள். எந்தப் பிள்ளை எதுவரை படிக்கிறது என்பதை ஒரு நோட்டில் எளிய ஸ்பானிஷில் எழுதி அவரிடம் கொடுங்கள். கோகோதே கூட்டத்துக்கு மீண்டும் போய், வந்தபோது சொன்னதைப் போலவே போகிறேன் என்றும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் வருவேன் என்று, பயணச்சீட்டு கையில் இல்லாமல், எந்தக் குழந்தையிடமும் சொல்ல வேண்டாம். சோளமணிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க நன்றாக உலர்த்தி, குச்சிகளோடு ஒரு மூடி டப்பாவில் போட்டு, மூன்றாம் வகுப்புக்காரர்கள் எட்டி எடுக்கும் உயரத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.