பழைய கப் விமானத்துக்கு டயல் வரைவதற்கு முன்

பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் ஜூன் மாதம் பழைய பைப்பர் விமானங்கள் கூடும்போது, எல்லாரும் இறக்கையையும் மஞ்சள் பெயின்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே தலையை விட்டுக் கருவிப் பலகையைப் பார்ப்பேன். அந்த ஊர்த் தொழிற்சாலையில் 1947 வரை செய்த ஜே-3 கப்பில் இருப்பதே ஐந்தாறு கருவிகள்தான்: வேகமானி, உயரமானி, டேக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றும் வேகம் காட்டுவது), திசைகாட்டி, ஆயில் அழுத்தம், ஆயில் சூடு. இவ்வளவுதானே, அசல் டயலை, அதாவது எண்களும் கோடுகளும் உள்ள முகத்தட்டை, படம் பிடித்து ஒரே மாதத்தில் நகல் எடுத்துவிடலாம் என்று புதிதாக இறங்குகிறவர்களுக்குத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. இந்த முறை ஓர் இளைஞர் பளபளவென்று அச்சடித்த டயல் ஒன்றைப் பெருமையாக நீட்டினார். பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது, அதனால் இந்த வேலையில் நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். கண்ணாடியை உடைப்பது, திருகைத் தொலைப்பது எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்து விமானத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பது

அழகாகச் சீரமைத்த கப் ஒன்று பக்கத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நின்றால் அதுதான் அசல் என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சொந்தக்காரர் யாரைப் பார்த்துச் செய்தாரோ! 1939-இல் வந்த விமானமும் 1946-இல் வந்ததும் பலகையில் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலில் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவு அலுவலகத்திலிருந்து உங்கள் விமானத்தின் முழுக் கோப்பையும் வாங்குங்கள். பெரிய பழுதோ மாற்றமோ நடந்திருந்தால் 337 என்ற படிவம் அதில் இருக்க வேண்டும். கூடவே 65 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஜே-3 வகையான ஜே3சி-65க்கான ஏ-691 என்ற வகைச் சான்றின் விவரத்தாளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, யாரோ இடையில் சி-85 எஞ்சின் போட்டு ஓட்டியிருக்கிறார், பிறகு வந்தவர் பழைய ஏ-65 எஞ்சினுக்கே திரும்பியிருக்கிறார். டேக்கோமீட்டர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இதைத் தாண்டிச் சுற்றக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 2575 சுற்றில். ஏ-65க்கு அது 2300. அந்தக் கோட்டையும் சேர்த்து நான் ஆசையாக டிரேஸ் எடுத்து வைத்திருந்தேன்.

இருட்டில் ஒளிரவில்லை, அதனால் ரேடியம் செத்துவிட்டது என்று நம்புவது

பழைய டயல்களில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். அந்த ரேடியம் சாகவில்லை. செத்தது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். எண்களும் முள்ளும் பழுப்பேறிய கெட்டிப் பெயின்ட்டாக இருந்தால் கதிர்வீச்சு அளக்கும் கைகர் கவுன்ட்டர் வைத்துப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், தேய்க்காதீர்கள், தூளை ஊதாதீர்கள். அமெரிக்காவில் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியைப் பிரித்து வேலை பார்ப்பதே விதிப்படி கூடாது. அளவு வேண்டுமானால் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே எடுங்கள்.

அடுத்தவர் கருவியின் அழகான டயலை நம் கருவிக்குள் போடுவது

இதுதான். இதற்காகத்தான் இவ்வளவும்.

என் வேகமானியின் டயல் உரிந்துபோய் பாதி எண்கள் காணாமல் போயிருந்தன. வேறொருவர் அதே காலத்து வேகமானியைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினார். நான் அதைக் கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொரு எண்ணாக டிரேஸ் எடுத்து (இன்றைய எழுத்துரு எதுவும் பொருந்தாது, 4-இன் மூக்கும் 6-இன் வாலும் காட்டிக்கொடுத்துவிடும்), ஸ்கிரீன் பிரின்ட் போட்டு, பழைய தகட்டைத் தின்னர் ஊற்றித் துடைத்து, அதன் மேல் அச்சடித்து மாட்டினேன். அதில் ரேடியம் இல்லாதது என் அதிர்ஷ்டம்தான், சோதித்துவிட்டுச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் அசல் என்றார்கள்.

அப்புறம் பறந்தேன். இறங்கும்போதெல்லாம் நான் நினைப்பதற்கு ஒரு நொடி முன்பே விமானம் பொத்தென்று விழுந்தது. மூன்று வார இறுதிகள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹேங்கரில் இருந்த பெரியவர் ஒருவர், நம் ஊர்க் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து என் வேகமானியோடு இணைத்தார். குழாயின் இரு கைகளிலும் தண்ணீர் மட்ட வித்தியாசம் 20 மில்லிமீட்டர் ஆனபோது முள் மணிக்கு 40 மைலில் நிற்க வேண்டும். என்னுடையது 50-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. கப் ஸ்டால் ஆவது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, சுமார் 38 மைலில். அதாவது 55 என்று நம்பி நான் இறங்கிக்கொண்டிருந்த வேகம் உண்மையில் ஸ்டாலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் எளிது. வேகமானி அளப்பது காற்றின் அழுத்தத்தை, அது வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அந்த வளைவை முள்ளின் அசைவாக மாற்றுவது உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பெட்டியும் நெம்புகோலும் பல்சக்கரமும். ஒரே தோற்றத்துக் கருவிகள் இரண்டு இருந்தாலும் உள்ளே ஒன்று 120 மைல் வரைக்கும் இன்னொன்று 160 வரைக்கும் செய்ததாக இருக்கலாம். அதனால் டயலில் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் இயக்கம்தான். நான் வேறொரு கருவியின் முகத்தை வெட்டி என் கருவிக்கு ஒட்டிவிட்டேன்.

பெரியவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன், ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்: மைல் வேகத்தை வர்க்கப்படுத்தி 80-ஆல் வகுத்தால் தண்ணீரின் உயர வித்தியாசம் மில்லிமீட்டரில் வரும். 40க்கு 20, 60க்கு 45, 80க்கு 80, 100க்கு 125. குழாயின் இரு கைகளிலும் உள்ள மட்டத்துக்கு இடையிலான வித்தியாசம் அது, ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் பாதிதான் காட்டுகிறது என்று வராதீர்கள். சிரிஞ்சால் மெதுவாக அழுத்துங்கள். வாயால் ஊதினால் உள்ளே இருக்கும் பெட்டி போய்விடும், அப்புறம் டயலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

இதிலும் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது தப்பான டயல் போட்டது அல்ல, பழைய தகட்டைத் துடைத்ததுதான். பாதி அழிந்திருந்தாலும் அந்தக் கோடுகள் அந்த இயக்கத்துக்கென்றே போட்டவை. ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் எடுத்து வைத்திருந்தால் போதும், மீதியைத் தண்ணீர்க் குழாயை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். நான் அதைக் குப்பைத் துணியோடு போட்டேன். சான்று பெற்ற பழுது நிலையம் ஒன்றுக்கு அனுப்பியபோது அவர்கள் கேட்ட தொகைக்கு நல்ல கருவி ஒன்றே வாங்கியிருக்கலாம். வேறு வழியும் இல்லை. தன் விமானத்துக்கான பாகத்தைச் சொந்தக்காரர் செய்துகொள்ள விதியில் இடம் உண்டு, ஆனால் கருவியைப் பிரித்துப் பழுது பார்ப்பதை உரிமம் பெற்ற விமான மெக்கானிக்கிடம்கூட விடவில்லை, அது பழுது நிலையத்தின் வேலை. இதை டயல் அடிப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

போனில் படம் எடுத்து டிரேஸ் செய்வது

ஓரங்கள் வளையும். ஸ்கேனரிலும் மெலிந்த வகை வேண்டாம், கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அது தெளிவாகக் காட்டும். பழைய தடித்த சிசிடி வகை எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள்.

ஆயில் சூட்டுமானியின் மெல்லிய குழாயை வெட்டுவது

வெட்டினால் முடிந்தது.

எஞ்சின் சுற்றுவதும் டேக்கோமீட்டர் கேபிள் சுற்றுவதும் ஒன்று என்று நினைப்பது

ஏ-65-இல் கேபிள் பாதி வேகத்தில்தான் சுற்றும். வேறு விகிதத்துக் கருவியை மாட்டிவிட்டு எஞ்சினைத் திட்டாதீர்கள்.

தக்கை மிதவையில் பழைய ஷெல்லாக்

பெட்ரோல் அளவு காட்டுவது டாங்க் மூடி வழியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அதன் அடியில் இருக்கும் தக்கையும்தான். வீட்டிலேயே தைரியமாகச் செய்துகொள்ளக்கூடியது இது ஒன்று. ஆனால் அசலைப்போலவே இருக்க வேண்டும் என்று ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசினால், எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு முறை உள்ளே போனாலும் பூச்சு கரைய ஆரம்பிக்கும், தக்கை எரிபொருளைக் குடித்துக் கீழே இறங்கும், டாங்க் நிறைய இருக்கும்போதே கம்பி காலி என்று காட்டும். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். தண்ணீர்க் குழாயைக் காட்டியபோது சிரிக்கவில்லை, உள்ளே இருப்பது யாருடைய இயக்கம் என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.