குளுக்கோஸ் என்றால் எந்தக் குளுக்கோஸ்?

வளர்சிதை மாற்றப் பாதை ஒன்றில், அதாவது செல்லில் அடுத்தடுத்து நடக்கும் வினைகளின் தொடரில், ஒவ்வொரு சேர்மத்துக்கும் அடையாள எண் குறியிட உட்கார்ந்து, சேர்மங்களுக்கு எண் தரும் கெபி (ChEBI) தரவுத்தளத்தில் குளுக்கோஸைத் தேடினால் பல பதிவுகள் வந்து நிற்கும். 17634 பொதுவான டி-குளுக்கோஸ். 4167 அதன் ஆறணு வளையம், அதாவது டி-குளுக்கோபைரனோஸ். அந்த வளையத்துக்கே இரண்டு வடிவங்கள், முதல் கார்பனின் OH எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்: 17925 ஆல்ஃபா, 15903 பீட்டா. இதில் எதை எடுப்பது?

முதலில் நொதியைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த குளுக்கோஸில் ஏறக்குறைய 36 சதவீதம் ஆல்ஃபா, 64 சதவீதம் பீட்டா. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஹெக்சோகைனேஸ் நொதி இரண்டையும் ஏற்கும் என்பதால் அதற்கு 4167 போதும். அங்கே ஆல்ஃபா என்று போட்டால், ஆதாரத்தில் இல்லாததை நாமே சேர்த்ததாகிவிடும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அப்படியில்லை, அது தேடிப் பிடிப்பது பீட்டாவை. அங்கே 15903 என்றே எழுதுங்கள். (ரத்தச் சர்க்கரை பார்க்கும் பல ஸ்ட்ரிப்களில் இருப்பதும் இந்த நொதிதான்.)

அடுத்தது வளையம். ஆரம்பத்தில் பலர் தடுமாறும் இடம் ஃபிரக்டோஸ். தனி ஃபிரக்டோஸ் தண்ணீரில் பெரும்பாலும் ஆறணு வளையமாக இருக்கும். அந்த வளையம் மூட ஆறாம் கார்பனின் ஆக்சிஜன் வேண்டும். ஃபிரக்டோஸ் 6-பாஸ்பேட்டில் அதைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டதால், ஐந்தாம் கார்பனின் ஆக்சிஜனோடுதான் மூட முடியும். கிடைப்பது ஐந்தணு வளையமான ஃபியூரனோஸ். ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது.

மின்சுமை சுலபம். வினைகளுக்கான ரியா (Rhea) தரவுத்தளம் பிஎச் 7.3-இல் உள்ள வடிவத்தை எடுக்கிறது. குளுக்கோஸ் 6-பாஸ்பேட்டுக்கு அங்கே இரண்டு எதிர்மின்சுமை. கெபி எண் 61548.

சரி, கடைசியாகப் பக்கத்து வினைகள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் முதல் கணினி மாதிரியில் ஃபாஸ்ஃபோகுளுக்கோமியூட்டேஸின் விளைபொருளை ஆல்ஃபா-குளுக்கோஸ் 6-பாஸ்பேட் என்றும், அடுத்து வரும் குளுக்கோஸ் 6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸின் வினைபடுபொருளைப் பீட்டா என்றும் எழுதியிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. ஆனால் கணினிக்கு அவை வேறுவேறு சேர்மங்கள். பாதை நடுவே அறுந்து, பாய்வு (பாதை வழியே சேர்மங்கள் ஓடும் வேகம்) பூஜ்யமாக வந்தது. காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. இப்படி நேர்ந்தால் இரு பக்கமும், ஆல்ஃபா, பீட்டா என்று பிரிக்காத 61548-ஐப் போடலாம். நுணுக்கம் தேவைப்படும் பாதை என்றால் ஆல்ஃபா, பீட்டாவை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை மாற்றும் குளுக்கோஸ் 6-பாஸ்பேட் 1-எபிமரேஸ் வினையை (நொதி வகைப்பாட்டு எண் இசி 5.1.3.15) நடுவில் சேர்த்துவிடுங்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.