இசையமைப்பாளருக்குப் படம் அனுப்பும் முன்

எடிட் லாக் ஆன பிறகே, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவான பிறகே, ரீலை (படத்தின் ஒரு பகுதியை) அனுப்புங்கள். அனுப்பிய பிறகு நான்கு ஃபிரேம் வெட்டினாலும் அதற்கு அப்புறம் வரும் இசை எல்லாம் நகர்ந்துவிடும்.

படத்தின் மேல் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தைக் காட்டும் எண்) தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முகத்தை மறைக்காமல் ஓரமாக இருக்கட்டும். வசனம் ஒரு டிராக், டெம்ப் மியூசிக் (எடிட்டின்போது தற்காலிகமாகப் போட்ட இசை) வேறொரு டிராக். இரண்டையும் கலந்து அனுப்பினால் அவரால் டெம்ப்பை மியூட் செய்யவே முடியாது. பாவம், அதையே கேட்டுக்கொண்டு புதிதாக எப்படி யோசிப்பார்?

அதிகம் சொதப்புவது ஃபிரேம் ரேட்தான், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. 23.976-இல் எடுத்த படத்தை 24 என்று நினைத்து வேலை செய்தால், 10 நிமிட ரீலின் முடிவில் ஒலி அரை நொடிக்கும் மேல் விலகி நிற்கும். ஆகவே ஃபிரேம் ரேட்டை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள், தேதியோடு. ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ எல்லாம் வேண்டாம்.

படம் தொடங்க 2 நொடி முன்பு ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ‘பீப்’ வையுங்கள். அவர் தரும் இசையிலும் அதே இடத்தில் பீப் இருந்தால், இரண்டையும் ஒட்டவைப்பது நொடி வேலை.

திரும்பி வர வேண்டியது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஃபைல், எம்பி3 வேண்டாம். தாளம், தந்தி, குரல் எனத் தனித்தனி ஸ்டெம்களாக (பிரித்த ஒலி ஃபைல்களாக), எல்லாமே ஒரே புள்ளியில் தொடங்கும்படி கேளுங்கள்.