மழைத்தோட்டத்துக்குள் மழை வராமல் போவது ஏன்?

தெருவில் ஓடும் மழைநீரை வாங்கி மண்ணில் ஊறவிடுவதற்காகச் செடி நட்டு அமைக்கும் பள்ளம்தான் தெருவோர மழைத்தோட்டம். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெயிலில் பார்த்தால் தெரியாது. மழை கொட்டும்போது குடையோடு போய், ஓரக்கல்லில் விட்ட திறப்புக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். தெருவில் ஓடிவரும் தண்ணீர் திறப்பை நெருங்குகிறது. வாயில் கிடக்கும் ஒரு கைப்பிடிச் சருகிலும் மணலிலும் முட்டுகிறது. அப்படியே விலகி, நேராக வடிகாலைப் பார்த்துப் போய்விடுகிறது. உள்ளே செடிகளெல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. ஆனால் தெருத்தண்ணீரில் ஒரு குடம்கூட அங்கே இறங்கவில்லை. தெருவே கூடி வேலை செய்த இடத்தில் இதைப் பார்ப்பது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

பெரும்பாலும் மட்டத்தில்தான் கோளாறு. பூச்செடிக்குப் பாத்தி கட்டிப் பழகிய கை மண்ணை மேடாக்கிவிடும். மழைத்தோட்டம் என்பது தெருவைவிடத் தாழ்ந்த, ஆழமில்லாத குழி. தண்ணீர் 10 முதல் 20 செ.மீ. வரை நின்று மண்ணில் ஊற அங்கே இடம் வேண்டும். அந்த ஆழத்தை மூடாக்கு (மண்மேல் பரப்பும் மரச்சீவல், பட்டை போன்றவை) போட்டு முடித்த பிறகு அளக்க வேண்டும். வெறும் குழியை அளந்துவிட்டு, மேலே 7 செ.மீ. மூடாக்கு போட்டால், நிற்க வேண்டிய தண்ணீரில் பாதி அங்கேயே போச்சு. திறப்பும் தாராளமாக, 30 முதல் 45 செ.மீ. அகலம் இருக்கட்டும். வாட்டம் உள்பக்கமாக இறங்க வேண்டும். நுழைந்தவுடன் ஒரு சின்னக் கல்தளம் போட்டால் தண்ணீர் மண்ணை அரிக்காது. வண்டலும் அந்த இடத்திலேயே தங்கும், மண்வெட்டியால் எளிதாக அள்ளிவிடலாம்.

அடுத்தது இடம். “அங்கேதான் எப்போதும் தண்ணீர் நிற்கும், அங்கேயே போடலாம்” என்று யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது என்றாலே அங்கே மண் உறிஞ்சவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். எந்த இடமானாலும் முதலில் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, முழுக்க வடிய விடுங்கள். அப்புறம் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை காய்ந்த மண் தாகத்தில் குடித்துவிடும், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். மணிக்கு 25 மி.மீ. இறங்கினால் நல்ல மண். அதில் பாதிகூட இறங்கவில்லை என்றால் மண்ணை மாற்றி, அடியில் தண்ணீரை வடித்துக் கொண்டுபோகும் துளைக்குழாய் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

நல்ல மண்ணையும் ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். குழிக்குள் கனரக இயந்திரத்தை இறக்கினால் போதும், அடிமண் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். இயந்திரம் வெளியே நின்றே தோண்டட்டும்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். 100 சதுர மீட்டர் தெருவில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். 15 செ.மீ. ஆழத் தோட்டம் இதை முழுக்க வாங்கிக்கொள்ள ஏறத்தாழ 17 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். நான்கு சதுர மீட்டர் குழியை வெட்டிவிட்டு மொத்தத் தெருவின் தண்ணீரையும் அதில் திருப்பினால் முதல் பெருமழையிலேயே கரை உடையும். தோட்டம் எவ்வளவு பெரிதானாலும், ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல் மிகுதித் தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழி கட்டடங்களின் பக்கம் திரும்பக் கூடாது. தோட்டமும் அடித்தளத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. தோண்டுவதற்கு முன் அடியில் கேபிள், குழாய் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவான தெருவில் ஒரே நீளக் குழி வெட்டுவதும் தவறு, தண்ணீர் முழுக்கக் கீழ்முனையில் போய்க் குவியும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் சிஸ்கியூ தெருவில் 2003இல் அமைத்த தோட்டங்களைக் கூழாங்கல் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்தார்கள். ஓர் அறை நிரம்பினால்தான் தண்ணீர் அடுத்ததற்கு இறங்கும்.

செடி விஷயத்தில் சதுப்புச் செடிகளைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். ஆண்டின் பெரும்பகுதி இந்த இடம் காய்ந்துதான் கிடக்கும். இரண்டு நாள் நனைந்தாலும் இரண்டு வாரம் காய்ந்தாலும் தாங்குகிற, அந்த மண்ணிலேயே வளர்ந்து பழகிய, வேர் ஆழமாக இறங்கும் வகைகள்தான் சரி. லேசான மரப்பட்டைத் துண்டுகள் மிதந்துபோய் வெளியேறும் வழியை அடைக்கும். நார்நாராகச் சீவிய மர மூடாக்கு கிடந்த இடத்தில் கிடக்கும். உரம் போடாதீர்கள், அது கரைந்து நிலத்தடி நீரில்தான் சேரும்.

அக்கம்பக்கத்தாரிடம் கொசுவைப் பற்றிப் பேசாமல் விடுவதும் தவறுதான். அவர்கள் பயம் நியாயமானது. முட்டையிலிருந்து கொசுவாக வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சரியாக அமைத்த தோட்டம் 48 மணி நேரத்துக்குள் வடிந்துவிடும் என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். அதற்கு மேல் தண்ணீர் நின்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது நடவு முடிந்த பிறகு வருகிற மௌனம். 1990களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் சாமர்செட் குடியிருப்பில் இந்த முறை தொடங்கியபோது வீட்டுக்கு ஒரு தோட்டம் இருந்தது, பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர் இருந்தார். தெருவுக்குப் பொதுவான தோட்டத்துக்கு அப்படி யாரும் தானாக அமைவதில்லை. அதனால் செடி வாங்குவதற்கு முன்பே, திறப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரில் குடியிருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். முதல் ஆண்டு செடிக்குத் தண்ணீர் விடுவதும், ஒவ்வொரு மழைக்கு முன்னும் பின்னும் சருகை வழிப்பதும் அவர் வேலை. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் அது முடியும்வரை மணல்மூட்டை வைத்துத் திறப்பை அடைத்துவிட வேண்டும். சிமெண்டும் களிமண்ணும் கலந்த அந்தத் தண்ணீர் ஒரே மழையில் மேல்மண்ணை அடைத்துவிடும், பிறகு அந்த மண்ணைச் சுரண்டி எடுத்துத்தான் தீர வேண்டும்.