செம்புப் பதக்கத்தில் எனாமல் வேலை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பொடித்த கண்ணாடியை உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைப்பதே எனாமல் வேலை. கி.மு. 13ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்த சைப்ரஸ் தீவின் தங்க மோதிரங்களில், கம்பியால் அறைகள் வகுத்து அவற்றுள் கண்ணாடியை நிரப்பும் முறை காணப்படுகிறது; 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லிமோஜ் நகரம் செம்பில் பள்ளம் செதுக்கி நிரப்பும் முறைக்குப் புகழ்பெற்றிருந்தது. ஆம்பர் அரசர் மான்சிங் லாகூரிலிருந்து வரவழைத்த கைவினைஞர்களே ஜெய்ப்பூரின் எனாமல் கலையான மீனாகாரிக்கு வித்திட்டனர் என்பது வழிவழிச் செய்தி. அங்கே, மெல்லிய தங்கத் தகட்டால் கற்களைப் பதிக்கும் குந்தன் நகையின் பின்புறத்திலும் மீனா வேலை உண்டு. நம் பதக்கத்துக்கும் பின்புறம்தான் முக்கியம். காரணத்தைக் கீழே காண்க.

முதலில், 0.8 மி.மீ. செம்புத் தகட்டை வெட்டிச் சற்றே குவித்து, வளையம் கோக்கும் துளையை இப்போதே இட்டுவிடுங்கள். பித்தளை வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் எனாமலை ஒட்டவிடாது.

அடுத்தது சுத்தம். தகட்டைச் சூடாக்கி எண்ணெய்ப் பசையைப் போக்கி, வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் தகடு தயார். அதன்பின் விரல் படக்கூடாது.

இனிப் பின்புறம். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குவதால், ஒரு பக்கம் மட்டும் பூசிய தகடு வளைந்து, எனாமல் விரிசலிடும். இருபுறமும் பூசினால் இழுவிசை சமப்படும். பசைநீர் தடவி, முகக்கவசம் அணிந்து, ஈயம் கலவாத பொடியைச் சல்லடையால் மெல்லியதாகத் தூவுங்கள். துளையை அடைத்த பொடியை ஊசியால் நீக்கி, முழுவதும் உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் சூளையில் ஆவி கிளம்பிப் பொடியைத் தெறிக்கவிடும்.

பதக்கத்தை விளிம்பு மட்டும் படும்படி தாங்கியில் வைத்து, 800 டிகிரி செல்சியஸ் சூளையில் இரண்டு மூன்று நிமிடங்கள் சுடுங்கள். கடிகாரத்தைவிடப் பரப்பைப் பார்ப்பதே நல்லது: பொடி முதலில் கறுத்து, பிறகு ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகி, இறுதியில் வழவழப்பாக மின்னும். மின்னியதும் எடுத்து, தானாகவே ஆறவிடுங்கள். தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி வெடிக்கும்.

சூட்டில் கறுத்த முன்புறத்தை மீண்டும் அமிலத்தில் சுத்தம் செய்து, அதே முறையில் பூசிச் சுடுங்கள். முதல் பதக்கத்துக்கு ஒளி ஊடுருவாத வெள்ளை அல்லது நீலம் போதும். சிவப்பு வெப்பத்தில் எளிதில் கெடும் என்பதால் மீனாகாரிக் கைவினைஞர்களே அதைக் கடைசியில்தான் சுடுகிறார்கள். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் சிறந்தவை. இறுதியாக, விளிம்பைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, வளையத்தைக் கோத்துவிடுங்கள்.